வளைந்த மானிட்டரில் ஒரு முடிச்சூர் வீடு

வீட்டு பிளான் வரைகிறவர்களுக்கு இரண்டு வியாதிகள் நிச்சயம்: ஒன்று கழுத்து வலி, இன்னொன்று யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் இலையைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்ப்பது.

இரண்டாவதற்கு மருந்து இல்லை. முதலாவதற்கு வளைந்த மானிட்டர் நல்லது என்று சொன்னார்கள். மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீசுக்கு ஒன்று வாங்கினேன். வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அது வந்த புதிதில் ஒரு குடும்பத்தின் வீடே கைவிட்டுப் போகப் பார்த்தது. என்னைப் போலக் காலையிலிருந்து கோடு போட்டே பிழைக்கிற சக கழுத்து வலிக்காரர்கள் யாராவது இதே யோசனையில் இருந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நடுவில் ஒரு கறுப்புச் சுவர்

அதுவரை என் மேஜையில் இரண்டு தட்டை மானிட்டர்கள் ஒட்டி நின்றன. நீளமான படம் வந்தால் பாதி இதில் தெரியும், பாதி அதில் தெரியும். நடுவில் இரண்டின் விளிம்பும் சேர்ந்து கறுப்பாக ஒரு பட்டை நிற்கும். அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா, ஹாலுக்கு நடுவில் இவ்வளவு கனமாகச் சுவர் வேண்டாம் என்று அந்தப் பட்டையைக் காட்டிச் சொன்னார். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் படத்தை அப்படியே ஒரு பக்கமாக நகர்த்தினேன். அவருக்குப் பரம திருப்தி.

ஜெயசீலன் சாரிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. அவரும் அவர் மனைவி எஸ்தர் டீச்சரும் முடிச்சூரில் இருக்கிறார்கள். இருவரும் ரிட்டயர் ஆனவர்கள். 2015 வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அதை இடித்து உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. மனையை விற்றுவிட்டு எங்காவது ஒரு மூன்றாவது மாடி பிளாட்டில் போய் உட்கார்ந்துவிடலாம் என்பது சாரின் எண்ணம். வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தது, மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் சாருக்கு நம்பிக்கை வருகிற மாதிரி ஒரு பிளான் கிடைத்தால் கட்டுவது, இல்லாவிட்டால் விற்பது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு இடங்களுக்குப் போய் வந்திருந்தார்கள். போன இடத்திலெல்லாம் பிளான் போட்டவர்கள் பேஸ்மட்டத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள், சார் தலையாட்டிக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்.

இந்த மாதிரி சந்தேகத்துக்குக் காட்ட வேண்டிய படம் செக்‌ஷன். கேக்கை வெட்டுவது போல வீட்டை வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற படம். ரோடு, கேட், வாசல், ஹால், கிச்சன், பின்கட்டு எல்லாம் ஒரே வரிசையில் வரும். என் மேஜையிலோ ரோடு ஒரு மானிட்டரிலும் வீடு அடுத்த மானிட்டரிலும் விழுந்தது. வாசப்படி இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறுப்புப் பட்டை. உயரங்களை எண்ணில் எழுதிக் காட்டினேன். சார் எண்களைப் பார்க்கவே இல்லை.

"நம்பர்லாம் சரியாத்தாம்மா இருக்கும். ரோடும் வீடும் ஒரே ஸ்கிரீன்ல பாக்காம, தண்ணி உள்ள வராதுன்னு நான் எப்படி நம்புறது?"

கடையில் ஒரு ரேஸ் கார்

கழுத்துக்கு என்று பாதி, ஜெயசீலன் சாருக்கு என்று பாதி, இப்படித்தான் நான் குரோம்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். சேல்ஸ்மேன் உற்சாகமான ஆள். அகலமான வளைந்த மானிட்டரைப் போட்டு அதில் ஒரு ரேஸ் காரை ஓட விட்டார். கார் மலையில் ஏறியது, பறந்தது, கடலோரம் போனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் பென் டிரைவை எடுத்து நீட்டி, முடிச்சூர் வீட்டுச் செக்‌ஷனைத் திறக்கச் சொன்னேன்.

இதில் உங்களுக்கு உதவுகிற விஷயம் ஒன்று சொல்கிறேன். பெட்டியில் ஓர் எண்ணும் பக்கத்தில் R என்ற எழுத்தும் இருக்கும். அந்த வளைவை அப்படியே நீட்டி முழு வட்டமாக்கினால் அதன் ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். ஆகவே எண் சின்னதாக இருந்தால் வளைவு அதிகம். காம்பஸ் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். சேல்ஸ்மேன் எண் பெரிதானால் வளைவும் பெரிது என்று சாதித்தார், நான் விடவில்லை. ஆயிரம் என்று போட்டிருந்தது தொட்டி மாதிரி வளைந்து நின்றது. கோடு போடுகிறவர்களுக்கு அது ஆகாது. ஆயிரத்து ஐந்நூறு போட்டதை எடுத்தேன். அகலத்தை மட்டும் பார்த்தும் மயங்காதீர்கள். அதே அகலத்தில் புள்ளிகள் குறைவாக இருக்கிற மலிவு ரகம் உண்டு, அதில் சாய்கோடு எல்லாம் படிக்கட்டாகத் தெரியும்.

என் செக்‌ஷன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முழுசாக வந்து நின்றது. ரோடு, கேட், வாசப்படி, எதுவும் உடையவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வாசப்படியைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் பார்த்துவிட்டு, இதைக் கொடுங்கள் என்றேன். பெட்டி கிழியாமல் இருந்தால் பத்து நாளைக்குள் திருப்பித் தரலாம் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பில் போடும்போது சேல்ஸ்மேன் சொன்னார்:

"கேம் ஆடிப் பாத்து வாங்குவாங்க, படம் ஓட்டிப் பாத்து வாங்குவாங்க. வாசப்படியப் பாத்து வாங்குற மொத கஸ்டமர் நீங்கதான் மேடம்."

பெஞ்சமினின் ஸ்கேல்

பெஞ்சமின் என் பார்ட்னர். நான் வரைவேன், அவன் சைட்டுக்குப் போய் அளப்பான். பல்லாவரத்துக்காரன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். நான் போடுகிற படத்தில் கதவின் தலையும் ஜன்னலின் தலையும் ஒரே மட்டத்தில் வருகிறதா என்று அந்த ஸ்கேலை மானிட்டரின் மேல் வைத்துப் பார்ப்பது அவன் வழக்கம். கம்ப்யூட்டர் போட்ட கோட்டை ஸ்கேல் வைத்துச் சோதிக்கத் தேவையில்லை என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் வைப்பான், வைத்துவிட்டு "உம்" என்பான். அந்த "உம்" வந்தால்தான் எனக்கும் நிம்மதி.

புது மானிட்டரை மேஜையில் ஏற்றினோம். அதன் கால்கள் அகலம், மேஜையைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுக்க வேண்டியிருந்தது. கழுத்துக்கு நல்லது என்று ஸ்டாண்டை நன்றாக உயர்த்தி வைத்தேன். நடுவில் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் இரண்டு ஓரமும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தன. தலையைத் திருப்பவே வேண்டாம், கண் போனால் போதும். அந்த வாரத்திலேயே கழுத்து என்னுடன் சமாதானமாகிவிட்டது. பெஞ்சமின்தான் சமாதானமாகவில்லை. ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்தான், உட்கார்ந்தது. குறுக்கே வைத்தான், இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு நடுவில் இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் விரலை விட்டு எனக்குக் காட்டினான்.

"இன்னாக்கா இது, ஸ்கேலே ஒக்கார மாட்டுது. ஸ்கேல் ஒக்காராத எடத்துல நான் இன்னா வேலை செய்யறது? அட்டைப்பெட்டிய நான் பத்திரமா எடுத்து வெச்சிகினுகீறேன்."

அண்ணன் பாதி, தம்பி பாதி

மானிட்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நம் ஊரில் பிளான் பார்க்க ஓர் ஆள் வந்து நான் பார்த்ததில்லை. அப்பா, அம்மா, மருமகள், மச்சான், மச்சானுக்குத் தெரிந்த மேஸ்திரி, எல்லாரும் வருவார்கள். நான் நடுவில் உட்கார, அவர்கள் என்னைச் சுற்றி நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில் காபி வேறு கைமாறும்.

பல்லாவரத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். ஒரே மனையைச் சரிபாதியாகப் பிரித்து ஒட்டினாற்போல இரண்டு வீடு. படத்தில் இடது பாதி அண்ணனுக்கு, வலது பாதி தம்பிக்கு. அவரவர் வீட்டுப் பக்கம் அவரவர் வந்து நின்றுகொண்டார்கள். முதலில் அண்ணன், தன் பாதி ஒடுங்கலாக இருக்கிறதே என்றார். இல்லையே, உன்னுடையதுதான் பெரிதாக இருக்கிறது என்றார் தம்பி. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வளைந்த திரைக்கு இடது பக்கம் நின்றால் இடது ஓரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வலது ஓரம்தான் நேராகப் பார்க்கும். தன் பங்கு ஒடுங்கியும் அடுத்தவன் பங்கு விரிந்தும் தெரியும். அண்ணன் தம்பிகளுக்கு இது புதுசும் இல்லை.

அளவைச் சொன்னேன், எண்ணைக் காட்டினேன், குரல்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில், கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஏதோ காரணம் சொல்லி இருவரையும் இடம் மாறி நிற்கச் சொன்னேன். ஏதோ திருத்துகிறவள் போல மவுசை நாலு தரம் தட்டினேன். இரண்டு பேரும் குனிந்து தத்தம் பாதியைப் பார்த்தார்கள். இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது. அண்ணன்தான் பேசினார்:

"இப்பதான் மேடம் கரெக்டா கீது. மொதல்லயே இப்டி போட்ருந்தா எங்களுக்குள்ள பேச்சே வந்திருக்காது."

சோபாவிலிருந்து தெரிந்த குழி

பக்கவாட்டில் நிற்பவர்களின் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. மேலிருந்து பார்ப்பவர், கீழிருந்து பார்ப்பவர் என்று இன்னும் இரண்டு கணக்கு இருப்பது அப்போது தோன்றவில்லை. அந்தத் தைரியத்தில்தான் முடிச்சூர் தம்பதியை வரச் சொன்னேன். மாதம் முடிய இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. ரோடும் வீடும் ஒரே திரையில் தயாராக இருக்கிறது, சார் பார்த்ததும் சரி என்று சொல்லப்போகிறார் என்று டீச்சரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன்.

ஜெயசீலன் சாருக்கு முட்டி வலி, நிற்க மாட்டார். வந்ததும் சுவரோரம் இருக்கும் எங்கள் பழைய சோபாவில் உட்கார்ந்தார். அதில் உட்காருவது என்றால் பாதி உள்ளே இறங்குவது. டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். மானிட்டரை சார் பக்கம் திருப்பி வைத்து, இது ரோடு, இது ரோட்டு மட்டத்தில் கடைசி வரை போகிற கோடு, இது அதற்கு மேலே உங்கள் ஹால் தரை என்று காட்டினேன். சார் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நடுவில் தொங்குகிறதே என்றார். எது சார் என்றேன். எல்லாக் கோடும்தான், வீடு இருக்கிற இடம் குழியாக இருக்கிறது, இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும் என்றார். டீச்சர் உடனே, குழியா, நடுவில் மேடாகத்தானே இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்றார். போட்டுத்தான் பார்க்கிறேன் என்றார் சார். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கோடு நேர்க்கோடுதான் என்று இருவரிடமும் மாறி மாறிச் சொன்னேன். என் கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்தது.

ஒரே கோட்டில் ஒருவர் குழியையும் ஒருவர் மேட்டையும் பார்த்தால் யார் பேச்சை யார் கேட்பது? டீச்சரின் குரல் உயர்ந்தது, சாரின் குரல் தணிந்துகொண்டே போனது. கோபப்படுகிற கிளையண்டை சமாளித்துவிடலாம், பயப்படுகிறவரை என்ன செய்வது? சார் சோபாவின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"அந்தம்மா மேல தப்பில்ல எஸ்தர். நம்ம எடமே குழிதான். வித்துடலாம்."

என் நாற்காலி

அவர்கள் போனதும் பெஞ்சமின் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினான். டேப்பையும் தேடி எடுத்துக்கொண்டு, ஷூவைக் கழற்ற அந்தச் சோபாவில் உட்கார்ந்தான். நிமிர்ந்தவன், சார் சொன்னது நிஜம்தான் அக்கா, ரோடு தொங்குகிறது என்றான். நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் கிளையண்ட் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. என் நேர்க்கோடு தூளி மாதிரி தொங்கியது. எழுந்து நின்றேன், மேடாக முதுகைத் தூக்கியது. திரையின் இரண்டு ஓரமும் நம்மை நோக்கி வருவதால், கீழிருந்து பார்த்தால் குழி, மேலிருந்து பார்த்தால் மேடு. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும் நேர். ஒரு மனுஷரின் பயத்துக்குப் படம் போட்டுக் காட்டி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

டீச்சருக்கு போன் செய்தேன். சொன்னால் வர மாட்டார், மார்க்கெட்டுக்கு என்று சொல்லி அழைத்து வருகிறேன் என்றார். மறுநாள் காய்கறிப் பையோடு வந்தார்கள். சோபா பக்கம் போன சாரைத் தடுத்து என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நம் தொழிலில் இது நடக்காத காரியம் என்று உங்களுக்கே தெரியும். கிளையண்டை மவுசுக்குப் பக்கத்தில் விட்டால் ஒரு பாத்ரூம் காணாமல் போயிருக்கும். நாற்காலியின் உயரத்தை அவர் கண்ணுக்குச் சரிசெய்தேன். சார் பார்த்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்தார். கோடு அவரோடு சேர்ந்து வளைந்து நிமிர்ந்ததை அவரே கண்டுகொண்டார். பிறகு, அந்த வருஷத்துத் தண்ணீரைப் போடுங்கள் என்றார். பழைய ஹால் ஜன்னலின் கீழ்க்கட்டை மட்டத்தில், ரோட்டிலிருந்து பின்கட்டு வரை, நீலத்தில் ஒரு கோடு இழுத்தேன். புதுத் தரை அதற்கு மேலே நின்றது.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சார் விரலை நீட்டி, கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் நீலத்தில் பாதி முங்கி நின்ற ஒன்றைத் தொட்டார். "இந்த மாடிப்படி வெளிய இருக்கே" என்றார். வெளியேதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் படி வெளியேதான். மாடியை வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர்கள் நம் ஹால் வழியாக ஏறக் கூடாது அல்லவா. யாரையும் கேட்காமல் வெளியே போட்டுப் போட்டு என் கைக்கே பழகிவிட்டது. "அன்னைக்கும் வெளியதாம்மா இருந்துச்சு" என்றார் சார். "மொட்டை மாடிக்குப் போகணும்னா தண்ணிக்குள்ள எறங்கித்தான் போகணும். நான் முன்னாடி போறேன், இவ பின்னாடி வரா. படிகிட்ட வரும்போது இவ கை என் கைய விட்டுப் போயிடுச்சு. ஒரு நிமிஷம்தான், மறுபடி புடிச்சுட்டேன். பேஸ்மட்டத்த எவ்ளோ வேணா ஏத்துங்க. அன்னைக்கு வந்த தண்ணிதான் கடைசித் தண்ணின்னு யாரு சொன்னா?"

எத்தனை ஆபீசில் எத்தனை பேர் இவருக்குப் பேஸ்மட்டத்தை ஏற்றிக் காட்டியிருக்கிறோம். அவர் பயம் தரையில் இல்லை, அந்தப் படிக்கட்டில் இருந்தது. அவரை எழுப்பாமல், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, படியை வெளியிலிருந்து எடுத்து ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் வைத்தேன். நீலக் கோட்டைத் தொடாமல் அது நேராக மாடிக்கு ஏறியது. சார் அதைக் கீழிருந்து மேல்வரை கண்ணால் ஏறிப் பார்த்துவிட்டு, டீச்சரை உட்காரச் சொல்லி எழுந்தார். இப்படிப் போட்டால் மாடியை வாடகைக்கு விட முடியாதே, உன் கணக்கெல்லாம் போச்சே என்றார். அந்த வாடகையை நம்பித்தான் டீச்சர் வீடு கட்டவே கிளம்பியிருந்தார். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, படியையும் பார்த்தார், சாரின் கையையும் ஒரு முறை பார்த்தார்.

"படி உள்ளயே வரட்டும்மா. வாடகைக்கு விடறவங்க வேற எங்கயாவது கட்டிக்கட்டும், இது நாங்க இருக்கப்போற வீடு."

அட்டைப்பெட்டி

மனையை வாங்க வந்தவருக்குப் பதில் சொல்லியாயிற்று. பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. படிக்கட்டுக்குக் கம்பி கட்டும் நாளில் சார் தானே வந்து நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் அன்று மறந்துவிட்டுப் போன காய்கறியை அட்டைப்பெட்டியில் போட்டு பெஞ்சமின் முடிச்சூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான், பெட்டி அங்கேயே தங்கிவிட்டது, ஆகவே மானிட்டரை இனித் திருப்பித் தர வழியில்லை. திரும்பி வரும்போது பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும், வளைகிற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று வாங்கி வந்தான். அதைத் திரையின் குறுக்கே வைத்து அழுத்தினான். முனை முதல் முனை வரை ஒட்டிக்கொண்டது.

"உம். இப்ப ஒக்காருதுக்கா."

டிசைன் வேலைக்கு வளைந்த மானிட்டர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், உங்களுக்கென்று தனியாக ஒரு ஸ்டூலும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏனென்றால் அது வந்த நாளிலிருந்து உங்கள் நாற்காலி கிளையண்டுடையது.